மாடி மாறி வந்தவர்

அந்தப் பள்ளத்தை அவள் வரையவில்லை.

வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டினால் ஒரு முகம் தெரியுமே, படிக்கட்டுக் கைப்பிடிக்கும் அப்படி ஒரு வெட்டுமுகம் உண்டு. அதை மட்டும் வரைந்து கொடுத்துவிட்டால் மென்பொருள் படியோரமாக மேலிருந்து கீழ்வரை அதையே இழுத்துக்கொண்டு போய்விடும். கட்டைவிரல் சாய ஒரு பக்கம் சரிவு, மற்ற விரல்கள் மடங்க மறுபக்கம் வளைவு, அவ்வளவுதான் அவள் வரைந்தது. இப்போது வளைவு தொடங்கும் இடத்தில், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்துக்கு நேராக, ஒரு பள்ளம். புள்ளியைப் பிடித்து இழுத்துச் சமன் செய்தாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் இருந்தது.

அவர்களுடைய அலுவலகம் இருக்கும் இதே பழைய கட்டடத்தைத்தான் புதுப்பிக்கப் போகிறார்கள். வயதானவர்களுக்குக் கைப்பிடி பிடிக்க வாகாக இல்லை என்று புகார். "பிடிச்சா கைக்கே சந்தோஷமா இருக்கணும்மா, அப்படி ஒண்ணு வரை," என்று சொல்லியிருந்தார் மேலதிகாரி. முதுகு வளையாமல் நடப்பதால் அவருக்கு ஸ்கேல் சார் என்று பெயர்.

எந்தக் கைக்குப் பொருந்தும் பள்ளம் அது என்று அவளுக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருக்கத்தான் வரையவே உட்கார்ந்தாள். பாழாய்ப்போன மனசு, வேண்டாம் என்றதைத்தானே முதலில் செய்யும்.

மதியம் அப்பா வந்திருந்தார். கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். வளைத்து வளைத்து அவருடைய வலது கை விரல்கள் நிமிர மறந்துவிட்டன. ஒன்றும் பிடிக்காதபோதும் எதையோ பிடித்திருப்பது போலவே இருக்கும். விரலடியில் வரிசையாகக் காய்ப்பு. அந்தக் கை சம்பாதித்ததில்தான் அவள் படித்தாள். காலையில் அவள் மறந்துபோன குடையை எடுத்துக்கொண்டு, சிமென்ட் அப்பிய சட்டையோடு மூன்று மாடி ஏறி வந்து, பாதி திறந்த கண்ணாடிக் கதவருகே நின்று அந்தக் கையை ஆட்டினார். உள்ளே வாடிக்கையாளர்கள், ஸ்கேல் சார், எல்லோரும் இருந்தார்கள்.

"யாருடீ அது? உன்னைப் பார்த்துத்தான் கை காட்டுறாரு," என்றாள் எதிர் மேசைக்காரி.

"தெரியலையே. யாரோ."

வாய் கூசாமல் வந்தது. அப்பாவின் கை பாதியில் நின்றது. பிறகு அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்து, "மன்னிச்சுக்கங்க, மாடி மாறி வந்துட்டேன்," என்றார். மகளுடைய பொய்க்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் பின்னால் ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடுமே.

சாயங்காலம் ஸ்கேல் சார் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "அட, கச்சிதமா இருக்கே. யாரோட கையை அளந்தே?"

"யாரோடதும் இல்ல சார்."

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் பள்ளம் இன்னும் ஆழமானது. அவர் அதைக் கவனிக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எதிர் மேசைக்காரி, "மழை வலுக்குது, கரண்டு போறதுக்குள்ள லிஃப்ட்டைப் பிடி," என்று சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே ஓடினாள்.

அப்புறம்தான் தன் தப்பு தெரிந்தது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு. ஒரே ஒரு கைப்பிடிக்குப் போட்டுப் பார்க்க நினைத்தவள், மென்பொருளில் அந்தக் கைப்பிடி வகைக்கு ஒரு நகல் எடுத்து அதை மாற்றாமல், மூலத்திலேயே கை வைத்துவிட்டாள். வரைபடத்தில், கட்டடத்தின் எல்லாக் கைப்பிடியும் மாறியிருந்தது. பழையபடி ஆக்கும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஒன்றும் மாறவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது, விளக்குகளும் அணைந்தன.

இருட்டில் அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அவள் காதில் அடித்தது. கூடவே வெளியே, படிக்கட்டின் அடியிலும் அடித்தது.

போகவே இல்லையா? குடையோடு இத்தனை நேரம் அங்கேயா உட்கார்ந்திருக்கிறார்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழே போக வேண்டும், அப்பா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட வேண்டும், யார் பார்த்தால் என்ன.

படிக்கட்டில் ஜன்னல் கிடையாது. ஈரச் சுவரின் வாடையோடு துருக்கம்பியின் வாடையும் வந்தது, அப்பா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது வருகிற அதே வாடை, கீழே போன் அடித்து அடித்து ஓய, அவளுடைய போனும் சார்ஜ் தீர்ந்து அணைய, மழை எங்கோ தகரத்தில் கொட்ட, அவள் சுவரைத் தடவிக் கைப்பிடியைத் தேடிப் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் ஏறி வரும்போதுகூட அது சில்லென்ற உருண்டைக் குழாய். இப்போது ஒரு பக்கம் சரிவு. ஒரு பக்கம் வளைவு. நடுவில் அந்தப் பள்ளம், நெடுக.

கையை எடுத்தாள். எடுத்தால் அடுத்த படி தெரியவில்லை. மறுபடியும் பிடித்தாள்.

சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடித்த பிடி. வெட்கமாக இருந்தது. அவ்வளவு இதமாக இருந்ததே, அதற்கு.

இரண்டாவது மாடி. கைப்பிடி லேசாக வியர்த்திருந்தது.

முதல் மாடி. பள்ளத்துக்குள் ஏதோ புடைத்தது. வரிசையாக. கெட்டியாக.

காய்ப்பு.

"அப்பா!"

கடைசிப் படியில் போன் வெளிச்சம். அப்பாதான். மடியில் குடை. நிமிர்ந்து பார்த்தார்.

"யாருங்க? தெரியலையே."

குரலில் கோபம் இல்லை. குத்தல் இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. "மாடி மாறி வந்துட்டீங்களோ?" என்றார் கனிவாக.

"நான்தாம்பா... உங்க பொண்ணுப்பா!"

அவர் சங்கடமாகச் சிரித்தார், யாரோ ஒரு பெண்ணின் முன்னால் சிரிப்பது போல. எழுந்து குடையை விரித்தார். வலது கையால். விரல் ஐந்தும் நேராக நீண்டன. ஒரு காய்ப்பு இல்லை. அந்தப் புதுக் கையோடு மழைக்குள் இறங்கி நடந்தார்.

பின்னால் ஓடப் பார்த்தாள். கைப்பிடியிலிருந்து கை வரவில்லை.

அவளுடைய விரல்களின் மேல் விரல்கள். நிமிர மறந்தவை. ஒவ்வொன்றாக மடங்கின. மெதுவாக. பாசமாக. இறுக.

தலைக்கு மேலே, இருட்டில், மூன்று மாடிக் கைப்பிடியும் நெடுக நெட்டி முறித்துக்கொண்டது.