அரைக் கட்டை கீழே

"எழுந்திரிங்க சார்... ப்ளீஸ்! இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருக்கு எனக்கு!"

மழையில் நனைந்து, மூச்சிரைக்கத் தேர்வுக் கூடத்துக்குள் ஓடிவந்தவள், பியானோவின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தவனைப் பார்த்துக் கத்தினாள். அவன் நிதானமாகத் தலையைத் தூக்கினான். கையில் சுருதி திருகும் சாவி. கண்கள்... ஐயோ, அந்தக் கண்களுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது போல!

"கத்தாதீங்க. கம்பி பயந்துடும்."

ஜோக்காம்! சிரிக்கிற நிலையிலா இருந்தாள் அவள்? இசைக் கல்லூரியில் சேர இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த மாதம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். போன வருடம் இதே கூடத்தில், இதே குட்டிப் பாட்டைக் கோட்டை விட்டிருந்தாள். ஈ மைனர் சுருதியில், மெதுவாக, சோகமாக வாசிக்க வேண்டிய மூன்று நிமிடப் பாட்டு. பயத்தில் விரட்டு விரட்டென்று விரட்டி, இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

அவன் விலகியதும் உட்கார்ந்து முதல் கட்டைகளை அழுத்தினாள். சுட்டது போலக் கையை எடுத்தாள்.

"இது ஈ மைனரே இல்லையே!"

அவன் முகம் மாறியது. "எப்படிங்க... உடனே கண்டுபிடிச்சீங்க?"

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மொத்தச் சுருதியையும் அரைக் கட்டை இறக்கியிருக்கேன். கம்பியெல்லாம் ரொம்பப் பழசு. ஏத்தினா அறுந்துடும், காலைலயே ஒண்ணு போச்சு. ஆபீஸ்ல சொன்னேன். மொத்தமா சேர்ந்து இறங்கினா யாருக்கும் தெரியாதுன்னுட்டாங்க."

"எனக்குத் தெரியுதே!"

எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அது எந்தக் கட்டை என்று சொல்லிவிடுவாள். பிறவியிலேயே அப்படியொரு காது. விரல் ஒன்றை அழுத்த, காதில் வேறொன்று விழுந்தால் எப்படி வாசிப்பது? தேர்வைத் தள்ளிப்போடச் சொன்னால் வயது போய்விடும். காதுக்குச் சரியாக விழட்டும் என்று எல்லா விரலையும் ஒரு கட்டை மேலே தள்ளி வைத்து வாசித்துப் பார்த்தாள். மூன்றாவது வரியில் விரல்கள் பின்னிக்கொண்டன. மறுபடியும்... மறுபடியும். கடிகாரத்தில் கால் மணி நேரம்தான் மிச்சம். கண்ணில் நீர் முட்டியது.

"அப்படி வேண்டாங்க," என்றான் அவன் மெல்ல. "கை பழகின மாதிரியே வாசிங்க. ஆனா ஒரு சத்தம் முழுசா காதுல விழுந்தப்புறம் அடுத்ததுக்குப் போங்க. ஓடினாதான் தடுக்கும். இது... வரமாட்டாங்கன்னு தெரிஞ்சும் வாசல்ல நிக்கிறவங்களோட பாட்டு. அவங்க எதுக்குங்க ஓடணும்?"

அது அவளை எங்கேயோ தொட்டது. தொட்டதாலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாட்டைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க மெக்கானிக் வேலைய மட்டும் பாருங்க!"

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சாவிகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான்.

"முதல் ஆள் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இருந்தாகணும், சுருதி நிக்குதான்னு பார்க்க. முடிஞ்சதும் கிளம்பிடுவேன். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

முதல் ஆள் அவள்தான்.

தேர்வாளர்கள் மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் தொடங்கினாள். காது துடித்தது... தப்பு, தப்பு, தப்பு! விரல்கள் ஓடப் பார்த்தன. தற்செயலாக வாசல் பக்கம் பார்த்தாள். பெட்டியைக் கையில் பிடித்தபடி, கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான் அவன். இத்தனை திட்டு வாங்கியவன் இப்படியா கேட்பான்? அவளுக்குள் என்னவோ இளகியது. ஒரு சத்தம் முழுசாக விழட்டும் என்று காத்திருந்தாள். அப்புறம் அடுத்தது... அப்புறம் அடுத்தது. கடைசிக் கட்டைகளை அழுத்தியவள், ஒலி முழுவதும் ஓயும்வரை விரலை எடுக்கவே இல்லை.

தலைமைத் தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் ரெண்டு நிமிஷம். இன்னிக்கு நாலு! இவ்வளவு மெதுவா வாசிக்கணும்னு எப்படிம்மா தோணிச்சு?"

அவள் தலையைக் குனிந்து கட்டைகளைப் பார்த்தாள்.

"சரி, சொல்ல வேண்டாம். நீ தேறிட்டே."

கைகூப்பி எழுந்து வாசலைப் பார்த்தாள். காலியாக இருந்தது! படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

அவன் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தான்.

"நில்லுங்க! மெக்கானிக்னு சொன்னதுக்கு... மன்னிச்சிடுங்க."

"நான் மெக்கானிக்தாங்க. அதுல என்ன இருக்கு? 'மட்டும்'னு சொன்னீங்க பாருங்க... அதான் சுருக்குன்னுச்சு." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "தேறிட்டீங்களா?"

"ம்... ஏன் அவ்வளவு மெதுவா வாசிச்சேன்னு கேட்டாங்க. பதில் சொல்லல."

"சொல்லியிருக்கலாமே, மெக்கானிக் பேச்சைக் கேட்டேன்னு!"

"முதல் ரெண்டு வரிக்குத்தான் அது. அப்புறம்..." இமையில் வழிந்த மழையைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? "முடிஞ்சதும் கிளம்பிடுவேன்னு சொன்னீங்கல்ல... அதான் முடிக்கவே மனசு வரல."

அவன் அவளையே பார்த்தான். பிறகு, இறுக்கிப் போட்ட முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.