துப்பாக்கியில் கட்டிய வெளிச்சம்

பெருங்கடவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஜெயதாசின் ஒரு தோளில் உறையிட்ட இரட்டைக்குழல் துப்பாக்கியும், மறு தோளில் டார்ச்சுகள் கிடந்த பையும் தொங்கின. மழை தூறிக்கொண்டிருந்தது. ரப்பர் மரங்களுக்குக் கீழே மத்தியானமே அந்தி போல இருண்டு கிடந்தது.

பட்டாளத்திலிருந்து வந்தவன். லைசென்ஸுள்ள துப்பாக்கி சொந்தமாக இருந்ததால் காவல் வேலை சுலபமாகக் கிடைத்தது. லீலாபாயின் தோட்டத்தில் உலரப்போடும் ரப்பர் ஷீட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. அதனால் துபாயிலிருந்த மகன் ஜிஜி போனிலேயே அவனைக் காவலுக்கு அமர்த்திவிட்டான்.

லீலாபாய் அவனை வீட்டுக்குள் அழைக்கவில்லை. படியில் நின்றே பேசினாள்.

“கள்ளன் ஒண்ணும் இல்ல ஜெயதாசே. தூரத்திலே இருக்கியதுனாலே ஜிஜிக்கு எல்லாம் சந்தேகமாக்கும்.”

ஜெயதாஸ் டார்ச்சுகளைப் படியில் எடுத்து வைத்தான். நீளமான எவர்சில்வர் டார்ச் அகலமாக மஞ்சள் வெளிச்சம் அடிக்கும். ஆனால் கனம் அதிகம், குழலில் கட்டினால் முனை தாழ்ந்துபோகும். ஒரு தடவை அதைக் கட்டிச் சுட்டுப் பார்த்ததில், அதிர்ச்சியில் பல்புக்குள்ளிருந்த இழை அறுந்துவிட்டது. நெற்றியில் மாட்டும் விளக்கின் வயர் கொப்புகளில் சிக்கும். மிச்சமிருந்தது மச்சான் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த கறுப்பு அலுமினிய டார்ச். கைக்கடக்கமானது. வெளிச்சம் வெள்ளையாக, ஒடுங்கி, ஈட்டி போலப் பாயும். எத்தனை வெடி வெடித்தாலும் அணையாது.

கடைசியாக ஒரு இரும்பு வளையத்தை எடுத்து வைத்தான். லீலாபாயின் முகம் மாறியது.

“இது என்னது?”

“டார்ச்சைத் தோக்கிலே பிடிப்பிக்க உள்ள கிளாம்பு. நெய்யாற்றின்கரையிலே லேத்துக்காரன் செய்து தந்தான்.”

“தோக்கிலே டார்ச்சு கெட்டாண்டாம்.”

“ஏன் அம்மா?”

“கெட்டாண்டாம்ணா கெட்டாண்டாம். கையிலே பிடிச்சா போதும்.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கள்ளனைப் பிடிப்பதில் இவளுக்கு ஏன் விருப்பமில்லை? ஜெயதாஸ் யோசித்தபடியே தோட்டத்தைச் சுற்றி வந்தான். ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையின் பின்பக்கம், அங்கே தீ மூட்டும் புஷ்பராஜ் ஒரு ஷீட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். இவனைக் கண்டதும் நின்றான்.

“எங்கே கொண்டு போறே?”

“கேடு வந்த ஷீட்டாக்கும் சாரே. அம்மா தீயிலே இட்டுக் கத்திச்சுக் களையச் சொன்னாவ.”

சுருளை விரித்துக் காட்டச் சொல்வதற்குள் அவன் மரங்களுக்கிடையே மறைந்துவிட்டான். எசமானி வேலைக்காரனோடு சேர்ந்துகொண்டு, தான் பெற்ற மகனையே ஏய்க்கிறாள் என்று ஜெயதாஸ் முடிவு கட்டினான். கறுப்பு டார்ச்சைக் குழலுக்கு அடியில் வைத்துக் கிளாம்பை முறுக்கினான்.

புகைப்புரைக்கு ஜன்னல் கிடையாது; முன்னும் பின்னும் ஒவ்வொரு வாசல்தான். உள்ளே மூங்கில் கழிகளில் வரிசை வரிசையாக ஷீட்டுகள் தொங்கின. புளித்த ரப்பர் பாலின் வாடையும் தேங்காய்ச் சிரட்டைப் புகையும் கண்ணைக் கரித்தன. முதலில் கையிலிருந்த பெரிய டார்ச்சை அடித்தான். ஷீட்டுகள் தேன் நிறத்தில் மினுங்கின. கடைசி வரிசை வரைக்கும் ஆளில்லை. பிறகு, தோட்டா போடாத துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கறுப்பு டார்ச்சை எரியவிட்டான்.

நான்காவது வரிசைக்குப் பின்னால் ஒரு ஆளின் நிழல் நின்றது.

“ஆராக்கும் அது?”

நிழல் அசையவில்லை. பெரிய டார்ச்சை அடித்தான். வெறும் ஷீட்டுகள்தான். மறுபடி துப்பாக்கியை உயர்த்தினான்.

நிழல் மூன்றாவது வரிசைக்கு வந்திருந்தது.

வெளியே வந்து கதவைச் சாத்தினான். புகையில் கண் ஏமாற்றியிருக்கும், இல்லையென்றால் புஷ்பராஜின் வித்தை. தன்னைப் பயமுறுத்தி ஓட்டத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தபோது பயத்தைவிடக் கோபம் மேலோங்கியது. தோட்டா போட்டுக்கொண்டு எதிரே மரத்தடியில் காத்திருந்தான்.

அந்தி சாயும் நேரத்தில் உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். வெள்ளை வெளிச்சம் ஷீட்டுகளைத் துளைத்துக்கொண்டு போனது. மூலையில் அதே நிழல், முகத்துக்கு நேரே கையைத் தூக்கியபடி.

“கையைப் பொக்கிட்டு வெளியே வா!”

காதருகே யாரோ கிசுகிசுத்தார்கள்.

“வெளிச்சத்தை அங்கிட்டு மாத்துங்க மொதலாளி... கண்ணு தெரியேல்ல...”

ஜெயதாசின் விரல் விசைக்குள் நுழைந்தது. அவன் நுழைக்கவில்லை. யாரோ அதைப் பிடித்து வளைப்பது போல, தானாக மடங்கியது.

இடது கையால் இடுப்பிலிருந்த பெரிய டார்ச்சை உருவி அடித்தான்.

மஞ்சள் வெளிச்சத்தில், தீக்குழியின் பக்கத்தில் புஷ்பராஜ் மண்டியிட்டிருந்தான். நிழலல்ல, உயிருள்ள ஆள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

ஜெயதாஸ் முழு பலத்தோடு குழலை மேலே தள்ளினான். வெடி கூரையைப் பிளந்தது. ஓட்டுத்துண்டுகள் இருவர்மேலும் கொட்டின.

“எதுக்குலே இருட்டுக்குள்ளே வந்து இருந்தே? நான் கேட்டதுக்கு வாய் திறக்கப்பிடாதா?”

“நீங்கதானே சாரே விளிச்சீங்க?” புஷ்பராஜ் அழுதான். “தீ அணைஞ்சு போச்சு, சட்டுண்ணு வாண்ணு பின்வாசல்ல வந்து விளிச்சீங்களே! உள்ளே வந்த பிறகு எனக்கு நாக்கு பொங்கேல்ல.”

சத்தம் கேட்டு லீலாபாய் ஓடி வந்தாள். புஷ்பராஜைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கழியிலிருந்து விழுந்து கிடந்த ஒரு ஷீட்டை ஜெயதாஸ் எடுத்தான். நடுவில், சன்னங்கள் பாய்ந்தது போலப் பொடிப்பொடியாகத் துளைகள். அவனுடைய தோட்டா கூரைக்குத்தான் போயிருந்தது.

“அந்த இடத்திலே தொங்குற ஷீட்டெல்லாம் இப்படித்தான் வருது,” என்றாள் லீலாபாய். “ஜிஜிக்கிட்டே எப்படிப் பறைய? அதான் கத்திச்சுக் களையச் சொன்னேன்.”

“இங்கே என்ன நடந்துது அம்மா?”

“தீ மூட்ட விஜயதாஸ்ணு ஒருத்தன் இருந்தான். எங்க வீட்டுக்காரருக்கு ஷீட்டு களவு போகுதுண்ணு சந்தேகம். தோக்கிலே டார்ச்சைக் கெட்டிட்டுப் போனாரு. ஆருண்ணு பாக்க வெளிச்சம் அடிச்சா தோக்கும் ஆளு மேலேதானே நீளும்? விரலு விசையிலே இருந்துது; வெடிச்சு, அவன் அங்கேயே செத்தான். கேசு விபத்துண்ணு தீந்துது. அந்த வருஷமே அவரும் செத்துப்போனாரு.”

ஜெயதாஸ் கிளாம்பைக் கழற்றினான். கறுப்பு டார்ச்சைக் கல்லில் போட்டு உடைத்தான். வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே ஏறினான்.

பாறசாலை வந்து சேர்ந்தபோது ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. மனைவி ஷைனா மண்ணெண்ணெய் விளக்கோடு கதவைத் திறந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“கேட்டியளா, கூட ஆராவது வந்துதா?”

“இல்லியே. ஏன்?”

“பின்னே ஆரு டார்ச்சு அடிக்கிறது?”

அவன் குனிந்து பார்த்தான். சட்டையில், நெஞ்சின் நேர்நடுவே, சின்ன வெள்ளை வட்டம் விழுந்திருந்தது. திரும்பினான். முற்றம் இருண்டு கிடந்தது. ஆளுமில்லை, விளக்குமில்லை. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டான். நெஞ்சைக் கையால் பொத்தினான்.

வட்டம் புறங்கையில் விழுந்தது.

துப்பாக்கியைப் பிடித்திருப்பவன் மூச்சுவிடுவது போல, அது மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.