தெமோதரை மாமா

"எங்கைல ஊசி போட விடமாட்டேன். ஒம் புருசனுக்கு வந்ததுக்கு என்னைய எதுக்குக் குத்தணும்?" அடுப்படியிலிருந்தே அங்கம்மா சொன்னாள்.

கலாவதிக்கு அலுத்துவிட்டது. ஒரு வாரமாக மாமியாரோடு இதே மல்லுக்கட்டு.

"கொஞ்சம் ரத்தந்தான் அத்த. குடும்பத்துல எல்லாரோடதையும் பாத்தாத்தான் இந்த மனநோய் எதனால வருதுன்னு தேட முடியுமாம்..."

"எதனாலன்னு எனக்குத் தெரியும். நீ இந்த வாசல்ல கால வச்ச பொறகுதான் வந்துச்சு."

பதினோரு வருடமாக ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தின் லயக் குடியிருப்பு முழுக்கப் பரவியிருந்த பேச்சு அது. கலாவதிக்குக் கல்யாணமாகி எட்டாம் மாதம், கணவன் சிவஞானம் கொழுந்துச் சாக்கை மலையிலேயே போட்டுவிட்டு, யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி ஓடினான். அன்றிலிருந்து அவள் ராசி கெட்டவள். மாதாமாதம் அவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவதும், மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பதும் அந்த ராசி கெட்டவள்தான். தாய் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

பத்து மணிக்கு ஆராய்ச்சிக் குழுவின் டொக்டர் ஷிப்னா வந்தார். காகிதத்தில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைந்தபடி, "அம்மா, உங்க சொந்தத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திச்சா?" என்று கேட்டார்.

"எங்க பரம்பரையில ஒருத்தருக்குமில்ல. இவ வந்த நேரம்..."

மூலையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த சிவஞானம் நிமிர்ந்தான்.

"தெமோதரை மாமா இருந்தாரேம்மா. சின்னப் புள்ளையில அந்த ஊருக்கு என்னையக் கூட்டிட்டுப் போனியே. அவரு கால்ல கயிறு கட்டியிருந்துச்சு. வெளிய சொல்லாதன்னு சொன்ன..."

அங்கம்மா மகனையே பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கூடப் பொறந்தவன்... முத்துவேலு. சொன்னா எம்மகனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

"அதுக்காக மறைச்சீங்க, சரி. நோய் வந்த பொறகாச்சும் சொல்லியிருக்கலாமே அத்த? எதுக்குப் பழிய எந்தலையில போட்டீங்க? ஒங்கம்மாவாலதான் அப்பாவுக்கு இப்படின்னு பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்து எம்மக விதுஷா அழுதாளே... பத்து வயசுப் புள்ள. அப்பக்கூட நீங்க வாயத் தெறக்கலையே."

ஷிப்னா மெதுவாகச் சொன்னார்: "ரத்தத்துல இருந்தாலும் அது யாரு செஞ்ச குற்றமும் இல்ல. ஒருத்தருக்கு இருந்தா எல்லாருக்கும் வரும்னும் இல்ல. உங்க மருமகளால வரல. அது மட்டும் நிச்சயம்."

அங்கம்மா கையை நீட்டினாள். ரத்தம் எடுத்து முடிந்ததும் எழுந்து வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுச் சுபாஜினியைக் கூப்பிட்டாள்.

"எம் மருமகளப் பத்தி நான் சொன்னதெல்லாம் பொய்யிடி. எந்தம்பிக்கும் இதே நோய் இருந்துச்சு. எல்லார்கிட்டயும் சொல்லு."

உள்ளே கலாவதி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஜெயித்த சந்தோஷம் எதுவும் வரவில்லை. களைப்புதான் வந்தது. அங்கம்மா வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"என்னால இப்ப மன்னிக்க முடியாது அத்த."

"வேணாம் தாயி. பக்கத்துல ஒக்கார மட்டும் விடு."

கலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.