வலப்பக்க ஜன்னல்

காலை ஏழு பத்து.

வெர்லின் யோஸ்ட் தன் துப்பாக்கிப் பட்டறையில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சில் ஓட்டை.

பக்கத்து முக்காலியில் கூட்டாளி ஹார்லன் டீட்ஸ். சர்க்கரை தூவிய டோனட் தின்றுகொண்டிருந்தார்!

டிடெக்டிவ் லோரீன் ஸ்டாஃபர் பிணத்தையும் டோனட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பசியா, மிஸ்டர் டீட்ஸ்?"

"சுகர் பேஷண்ட், மேடம். நேரத்துக்குத் தின்னணும்."

"சுகருக்கு சுகரேவா? சரி... என்ன நடந்துச்சு?"

"நான் வந்தப்பவே இப்படித்தான். எதையும் தொடலை. தோட்டாவைப் போட்டுட்டுக் குழல் முன்னாடி நடந்திருக்கான், கிழவன். அந்த ட்ரிக்கர்ல ஈ உட்கார்ந்தாலே வெடிக்கும்!"

துப்பாக்கி மேஜையில் மணல் பைகள்மீது படுத்திருந்தது. லோரீன் கையுறை அணிந்த கையை நீட்டினாள்.

"மேடம்! கையுறையில பவுடர் இருக்கும்! ஆக்‌ஷனைத் தொடாதீங்க!"

நண்பனின் திறந்த கண்களை மூட அந்த ஆளுக்குத் தோன்றவில்லை...

"ஆக்‌ஷன்னா?"

டீட்ஸ் முகம் மலர்ந்தது. பிணத்தைத் தாண்டிச் சுவரிடம் போனார்.

"போல்ட், அதாவது தோட்டாவை அடைக்கிற தண்டு, ஓடுற கூடு, மேடம். ரைஃபிளோட உயிரே அதான். இந்த முதல் ஆணியில தொங்குறது, கடைச் சரக்கு. வளையும். அதனால அலுமினியக் குழாயை மேல ஒட்டினாங்க. அடுத்தது, கூடே அலுமினியம். மேஜையில இருக்கே, வெர்லின் செஞ்ச இது, எஃகு. தோட்டா அடுக்குற மேகஸின் கிடையாது, அதனால அடியில ஓட்டை கிடையாது, வளையவே வளையாது. கூட்டோட இடது பக்கத் திறப்புல, அதான் ஜன்னல், தோட்டாவைப் போடு, சுடு. அஞ்சு தோட்டா... ஒரே ஓட்டை!"

"வலப்பக்கமும் ஒரு ஜன்னல் இருக்கே?"

"அது என்னுது!" குரல் கிறீச்சிட்டது. "சுட்ட தோட்டாவோட காலி உறை அது வழியா அலுங்காம கைகிட்ட விழும். உறையைத் திரும்பத் திரும்ப நிரப்புறவங்க நாங்க. என் யோசனை, மேடம்! ஆனா மேல அவன் பேரு மட்டும். நாளைக்கு இதே மாதிரி ஒண்ணு மியூசியத்துக்கே போகுது, அவன் பேர்ல!"

லோரீன் மேஜைத் துப்பாக்கியின் போல்ட்டை இழுத்தாள்.

உள்ளே... காலி!

மேஜையில் துளையிட்ட மரக்கட்டை. வரிசையாகத் தோட்டாக்கள். ஓரத் துளையில் மட்டும் வாய் கறுத்த காலி உறை.

"தானா வெடிச்சிருந்தா உறை உள்ளேயே இருக்கணும், மிஸ்டர் டீட்ஸ். போல்ட்டைத் திறந்து, உறையை எடுத்துக் கட்டையில நட்டுவெச்சது யாரு? நெஞ்சுல ஓட்டையோட வெர்லினா?"

டோனட் பாதி வழியில் நின்றது.

டீட்ஸ் தன் வலக்கையைப் பார்த்தார். யாருடைய கையோ என்பதுபோல.

"பழக்கம்... கை தானா..."

"கீழ ஆள் துடிச்சிட்டிருந்தப்பவா?"

"நல்ல உறை, மேடம். விட்டுட்டுப் போக மனசு வரலை..."

லோரீன் பிணத்தருகே குனிந்தாள்.

யோஸ்டின் இறுகிய விரல்களில் ஒரு துணிப்பொட்டலம். மெல்லப் பிரித்தாள். மியூசியத்துக்கான புத்தம்புது ஆக்‌ஷன்.

"இதைத்தான் உங்களுக்குக் காட்ட வந்தாரா?"

"எதையோ நீட்டினான்... நான் பார்க்கலை..."

"இப்பப் பாருங்க."

வலப்பக்க ஜன்னலுக்குக் கீழே எழுத்துகள். புதிதாய் வெட்டியவை. இன்னும் பிசிறு போகவில்லை.

'யோஸ்ட் - டீட்ஸ்.'

டோனட் தரையில் விழுந்தது. ரத்தத்தில் சர்க்கரை கரைந்தது.

லோரீன் விலங்கை எடுத்தாள்.

"அவரு பேர்ல பாதிதான் கொடுத்தாரு, மிஸ்டர் டீட்ஸ். வாரண்ட்ல முழுசா உங்க பேரு மட்டும்தான்... திருப்தியா?"