மைக்கை அடைக்காத பார்வையாளர்

பாட்டுத் தொடங்கிய பிறகும் யாரோ ஒருவருடைய மைக் திறந்திருந்தது.

நிருஷனுக்கு அது புதிதல்ல. அவன் காவல் பார்க்கும் ஓவியக்கூடத்துக்கு மண்ணில் எங்கும் அத்திவாரம் கிடையாது. கனடாவில் இருக்கும் றயன் அண்ணை இணையத்துக்குள் எழுப்பிய மண்டபம் அது. கண்ணை மூடும் ஹெட்செட்டை முகத்தில் மாட்டிக்கொண்டால் உயரமான வெள்ளைச் சுவர்களும் அவற்றில் ஓவியங்களும் தெரியும். ஊரூராகச் சிதறிக் கிடக்கும் சனம் பொம்மை உருவம் எடுத்து அங்கே நடமாடும். பின்னேரங்களில் சிலவேளை கச்சேரியும் நடக்கும். அன்றைக்கு ஒஸ்லோவிலிருந்து மக்டலீன் என்றொரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். சாவகச்சேரியில், தன் வீட்டு முன்னறைக் கதிரையில் இருந்தபடியே, குழப்படி செய்பவர்களை வெளியேற்றுவதும் திறந்து கிடக்கும் மைக்குகளை அடைப்பதும் நிருஷனின் வேலை.

தேடியதில், சத்தம் வந்த மைக் கடைசிச் சுவரோரம் நின்ற ஓர் உருவத்துடையது. முகமோ உடுப்போ தெரிவுசெய்யாத வெறும் சாம்பல் உருவம். தலைக்கு மேல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அதன் மைக்கில் மழை கேட்டது. தகரக் கூரையில் கொட்டும் மழை, அதற்குள்ளே ஈர விறகு வெடிக்கும் சத்தம், எதையோ கரகரவென்று திருவும் சத்தம். எல்லோரும் பாடகியைப் பார்த்து நிற்க, அது மட்டும் நிருஷனைப் பார்த்து நின்றது.

அவன் மைக்கை அடைத்தான். கச்சேரி முடிந்ததும் றயனுக்கு அழைப்பு எடுத்துச் சொன்னான்.

"பேர் குடுக்காமல் ஒருத்தரும் உள்ளுக்கை வரேலாதேடா," என்றான் றயன். "என்ரை பக்கத்தாலை பாத்தனான். அந்த மூலையிலை ஒருத்தரையும் காணேல்லை."

இரவுச் சாப்பாட்டுக்கு அவன் மனைவி தர்சிகா புட்டைப் போட்டுவிட்டு எதிரே இருந்தாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டில் இல்லாத மனுசன் என்று அவனைக் குறைசொல்லிச் சொல்லிக் களைத்து, இப்போது சொல்வதையும் விட்டிருந்தாள். அன்றைக்கு ஏனோ அவள் முகம் தெளிந்திருந்தது.

"நீங்கள் சொன்ன பேரையே வைப்பம். யோசிச்சுப் பாத்தன், எனக்கும் பிடிச்சிருக்கு."

"என்ன பேர்?"

"பின்னேரம் குசினிக்கை அடுப்படியிலை வந்திருந்து, பிள்ளைக்கு அந்தப் பேர்தான் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டுபோட்டு, இப்ப என்ன பேர் எண்டு கேக்கிறியள்."

பின்னேரம் முழுக்க அவன் கதிரையை விட்டு எழும்பியிருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கனகாலம். புட்டைப் பிசைந்தபடி, "ஓம், மறந்துபோனன்," என்றான்.

அதற்குப் பிறகு அந்த உருவம் ஒவ்வொரு பின்னேரமும் வந்தது. வெளியேற்றினால் மறையும். திரும்பிப் பார்த்தால் இன்னொரு ஓவியத்துக்குப் பக்கத்தில் நிற்கும், முன்பைவிட ஓரடி கிட்ட. அடைத்த மைக் தானாகவே திறந்துகொள்ளும். நிருஷனும் மெல்ல மெல்ல அடைப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினான். செம்பு நிலத்தில் உரசுவது, தாச்சியில் கடுகு வெடிப்பது, கொல்லையில் கோழி கொக்கரிப்பது. யாரோ நம்மூர் ஆள்தான், எங்கேயோ தென்மராட்சிப் பக்கம் ஒரு குசினிக்குள் நின்றபடி படம் பார்க்கிறான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

ஒருநாள் வேலை முடித்துக் குசினிக்குப் போனபோது, தர்சிகாவின் பக்கத்தில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள் இருந்தன. ஒன்றில் பாதி குடித்திருந்தது.

"முழுக்கக் குடிச்சிட்டுப் போயிருக்கலாமே," என்றாள் அவள். "ஆறிப்போச்சு."

அவன் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. போய் முன்கதவையும் பின்கதவையும் பூட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் மத்தியானமே வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. ஓவியக்கூடத்தில் கச்சேரி இல்லை, சனமும் இல்லை. நீண்ட வெள்ளை மண்டபத்தில் நிருஷனும் அந்தச் சாம்பல் உருவமும் மட்டும். இப்போது அது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மூச்சு விடும் மனிதனைப் போல அதன் தோள்கள் ஏறி இறங்கின. மைக்கில் மழை. தேங்காய் திருவும் சத்தம். மிகக் கிட்டத்தில்.

தெருவில் பஸ் ஒன்று நீளமாகக் கோன் அடித்துக்கொண்டு போனது. அது முதலில் யன்னல் வழியாகக் கேட்டது. ஒரு கணம் கழித்து, அதே கோன், அந்த மைக்கில் கேட்டது.

நிருஷன் யன்னல் பக்கம் தலையைத் திருப்பினான்.

பஸ் வேறாக இருக்கலாம். எல்லாப் பஸ்ஸும் ஒரே மாதிரித்தான்.

தர்சிகா தும்மினாள். சுவருக்கு அந்தப் பக்கம், குசினியில். பிறகு அவன் காதுக்குள்ளே, அதே தும்மல்.

திருவும் சத்தம் நின்றது.

"என்னங்கோ." மைக்கில் அவள் குரல். பக்கத்தில் நிற்கும் ஒருவனோடு கதைக்கும் குரல். "ஏன் வாசலிலை நிக்கிறியள்? உந்தக் கறுமத்தை முகத்திலை இருந்து கழட்டிப்போட்டு வந்து இருங்கோவன்."

நிருஷன் கத்த நினைத்தான்.

எதிரே அந்த உருவம் இரண்டு கைகளையும் தூக்கியது. தலைக்குப் பின்னால் கொண்டுபோனது. எதையோ தளர்த்தியது. கழட்டியது.

மறைந்தது.

காதுக்குள் அமைதி. மழைகூட இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் சிரித்தான். கூச்சத்தோடு, மூக்கால். நிருஷன் சிரிப்பது அப்படித்தான்.

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தான். அறை மங்கிக் கிடந்தது. கதிரை தட்டுப்பட்டது. சுவரைப் பிடித்தான். நடந்தான். "தர்சி." குசினி வாசலுக்கு வந்தான். "தர்சி."

அவள் குசினி நடுவில் நின்றாள். கை விரல்களில் தேங்காய்ப்பூ. அவனை மேலும் கீழும் பார்த்தாள். தெரியாத முகத்தைப் பார்க்கும் பார்வை.

"ஆர் நீங்கள்?" என்றாள். "ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"தர்சி, நான்..."

அவன் ஓரடி வைத்தான். அவள் வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு பின்வாங்கினாள். அடுப்பைத் தாண்டி, விறகு அடுக்கிய மூலையை நோக்கி. அங்கே வெளிச்சம் இல்லை. நிருஷன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், மற்றக் கையைப் பின்னால் நீட்டினாள்.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து அதைப் பற்றிக்கொண்டது.