தீயில் காட்டாத கத்தரி

அழுகிய வேர் வெதுவெதுப்பாக இருந்தது.

பாவ்-யூன் விரலை எடுத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். தாய்னான் நகரத்துப் பிற்பகல் மழை பசுமைக்குடிலின் கூரைமேல் ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்க, தொட்டியில் மண்ணுக்குப் பதில் அடைத்திருந்து இப்போது பிரித்துப் போட்ட பழைய பாசியின் புளித்த வாடை தொண்டைவரை வந்து நின்றது. அமுக்கினால் கெட்டியாக இருக்கும் வேர் உயிருள்ளது, நனைத்தால் அதன் சாம்பல் நிறம் பச்சையாகும். உள்ளீடின்றிக் குழைந்தால் செத்தது. இது குழைந்தது. ஆனாலும் சூடு.

புருஷன் ரென்-ஷெங் இருபது வருடமாக வளர்க்கும் ஆர்கிட். "ஒனக்கு சக்களத்தி" என்று கேலி செய்வான். ஜனவரியில் பக்கவாதம் வந்து பேச்சும் நின்றபின் கேலியும் இல்லை. செடியாவது பிழைக்கட்டும் என்றுதான் தொட்டி மாற்ற உட்கார்ந்தாள். விட்டால் அழுகல் குருத்துக்கு ஏறிவிடும்.

வேரை நறுக்கினாள். வீட்டுக்குள் ஒரு முனகல்.

மழைதான். இன்னொன்றை நறுக்கினாள். இன்னொரு முனகல்.

அப்போதுதான் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தாள். காலையில் அவன் கால் நகம் வெட்டும்போது சதையில் பட்டு ரத்தம் வந்தது. துடைத்து அப்படியே பையில் போட்டிருந்தாள். ஓர் உடம்பை வெட்டிய கத்தரி தீயில் காட்டாமல் இன்னொன்றைத் தொடக்கூடாது, ஒன்றில் இருப்பது மற்றதற்குப் போய்விடும். கல்யாணமான வாரமே அவன் சொல்லிக்கொடுத்தது. செடிக்குச் செடி அவள் தவறியதில்லை. மனிதனை அவள் கணக்கில் சேர்த்ததில்லை.

"என்னங்க?"

"வெட்டு, யூன்." ஏழு மாதமாகப் பேசாத குரல். "அழுகினத வச்சிருந்தா நான் மொத்தமா போயிடுவேன்."

போனால் என்ன என்று ஒரு கணம் அவளுக்குள் ஏதோ லேசானது. அதற்குப் பயந்துதான் வேகவேகமாக வெட்டினாள். குழைந்தது. வெட்டு. குழைந்தது. வெட்டு. உள்ளே சத்தம் தேய்ந்தது. ஒரே ஒரு வேர் கெட்டியாக நின்றது. அதைப் புதுப் பாசியில் சுற்றித் தொட்டியில் இறக்கினாள்.

அவன் படுத்திருந்த அறையில் போர்வை இடுப்புக்குக் கீழே கட்டிலோடு தட்டையாகப் படிந்திருந்தது. அவள் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. வலது தோளுக்குக் கீழேயும் ஒன்றுமில்லை. இடது கை மட்டும் வெளியே கிடந்தது, சாம்பல் பூத்து, காய்ந்து.

ஈரத் துணியால் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை துடைத்தாள்.

தண்ணீர் பட்ட இடமெல்லாம் பச்சையாகிக்கொண்டே வந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றான் கண்ணை மூடிக்கொண்டு. "ஊத்து."