இரண்டு கோடுகளும் ஒரு கம்பியும்

அம்மாவின் ஒர்க்‌ஷாப்பில் ஆயில் பார்ப்பது எப்போதும் குண்டூசியின் வேலை. ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

இன்ஜினிலிருந்து நீளக் கம்பியை உருவுவாள். துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுப்பாள். கம்பியில் இரண்டு கோடுகள். அவற்றுக்கு நடுவே ஆயில் நின்றால் கவலையில்லை.

விடுமுறைக்கு மாமா மகன் சுருளி வந்தான். வந்த அன்றே அம்மா, "கம்பியை நீ பாருடா தங்கம்" என்று சொல்லிவிட்டார்.

தங்கமாம்! குண்டூசியின் காதிலிருந்து புகை வராததுதான் பாக்கி.

"அப்போ நானு?"

"நீ ஸ்பேனரைத் துடைம்மா."

அவள் துடைத்த வேகத்தில் ஸ்பேனர் தேயாமல் இருந்ததே அதிசயம்.

அன்று பல் டாக்டரின் நீலக் கார் வந்தது. அம்மா இன்ஜினை ஓட விட்டார். "கொஞ்சம் சூடாகட்டும். அப்புறம் ஆயில் பாரு" என்று சுருளியிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற வேனுக்கு அடியில் புகுந்து தட்டத் தொடங்கினார்.

சுருளி கம்பியை உருவிப் பார்த்தான். "அத்தை! கீழ்க் கோட்டுக்கும் கீழ இருக்கு!"

"அப்படின்னா ஊத்துடா!"

குண்டூசி நிமிர்ந்தாள். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது! ஓடும்போது ஆயில் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். கம்பி குறைவாகத்தான் காட்டும். நம்பி ஊற்றினால் அளவு மிஞ்சி இன்ஜின் கெட்டுவிடும்.

'ஊத்தட்டும். நல்லா ஊத்தட்டும். திட்டு வாங்கினா கம்பி என்கிட்ட வந்துடும்.'

சுருளி நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கேனைத் தூக்கினான். முதல் நாள் அவளும் இப்படித்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு கேனைத் தூக்கினாள்.

"சே!" என்று ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அடங்கியது.

வேனுக்கு அடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாரு ஆஃப் பண்ணது?"

சுருளியின் முகம் வெளுத்தது.

"நாங்கதாம்மா! ஆயில் கீழ இறங்கட்டும்னு காத்திருக்கோம்!"

இருவரும் பழைய டயர் மேல் உட்கார்ந்தார்கள்.

"மாட்டி விட்டிருக்கலாமே?" என்றான் சுருளி மெதுவாக.

"நினைச்சேன்."

"உனக்கு எல்லாம் தெரியுது. வந்ததுலேர்ந்து எனக்கு உன்மேல ஒரே வயித்தெரிச்சல்."

"என்னது? உனக்கா? என்மேலயா?" குண்டூசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் துணியை நீட்டினாள். அவன் கம்பியைத் துடைத்து, விட்டு எடுத்தான். ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பளபளத்தது.

"சரியா இருக்கு அத்தை! ஊத்த வேண்டாம்!"

"சபாஷ்டா தங்கம்!"

குண்டூசிக்கு மறுபடியும் சுருக்கென்றது. ஆனாலும் பரவாயில்லை. காலையில் மேல் கோட்டைத் தாண்டி நின்ற பொறாமை, இப்போது கீழ்க் கோட்டுக்கு இறங்கியிருந்தது.